குழாயடிக்குப் போணி

ஜனவரி 1, வியாழன்

பருத்திக்கொட்டை மண்டி அருணகிரி இந்த டைரியை என் கையில் கொடுத்து, ஊரில் முக்கியமான மூன்று பேருக்குத்தான் கொடுப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் சலூனிலும் டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் இதே டைரியைப் பார்த்தேன். அந்த மூன்று பேர் அவர்கள்தான் போலிருக்கிறது. நாலாவதாக ஒருவனைச் சேர்க்கிறார் என்றால் அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும்.

டைரியை எடுத்துப் படிப்பவர்களுக்கு நான் யார் என்று தெரிய வேண்டும். வெள்ளைப்பாண்டி சவுண்ட் சர்வீஸ், நல்லாங்குளம். கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டாம் வகுப்பு வரை படிப்பு. எட்டாம் வகுப்பில் மட்டும் மூன்று வருடம் இருந்தேன். ஒரு வருடத்தில் தாண்டிப் போனவர்களைவிட எனக்கு அது மூன்று மடங்கு தெரியும்.

இந்த வருடம் டைரி எழுதுவதற்குக் காரணம் என் மருமகள் காளீஸ்வரி. வேலம்மாள் அக்காவின் மகள். கம்ப்யூட்டர் படித்தவள். மதுரைக் கம்பெனி வேலையை இப்போது வீட்டில் இருந்தே பார்க்கிறாள். அவள் ஒரு பெரிய காரியம் செய்யப்போகிறாள். யோசனை என்னுடையது. அவள் சொன்னபோது முதலில் சரி என்று சொன்னவன் நான்தான்.

காரியம் இதுதான். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம், தெருவுக்குத் தெரு முறை வைத்து வரும். மின்சாரம் போனால் முறை ஒரு நாள் தள்ளும். தள்ளினது யாருக்கும் தெரியாது. தண்ணீர் திறந்துவிடுகிற சேர்மக்கனியின் போனோ எப்போதும் அணைந்துதான் இருக்கும். முறை நாளில் வீட்டுப் பெண்கள் வேலைக்கும் போக முடியாது, விசேஷத்துக்கும் போக முடியாது. காளீஸ் மதுரையில் பட்டம் வாங்கினபோது அக்கா போகவில்லை. அன்றைக்குத் தண்ணீர் முறை. குடங்களை வரிசை வைத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தண்ணீரும் வரவில்லை. நான்தான் மதுரைக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பெற்றோர் வரிசை என்று எழுதியிருந்தது. எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பட்டத்து உடுப்போடு எடுத்த போட்டோவை அக்கா அரிசி டிரம்முக்கு மேலே மாட்டியிருக்கிறாள். காளீஸ் அதைப் பார்க்கவே மாட்டாள். ஒரு நாள் என்னிடம், "எந்தத் தெருவுக்கு என்னைக்கு வரும்னு போனைத் திறந்தாத் தெரியணும் மாமா. அவ்வளவுதான்" என்றாள்.

ஜனவரி 4, ஞாயிறு

காளீஸ் தன்னோடு படித்த நாலு பேரைச் சேர்த்துப் போன ஆனியிலேயே இந்த வேலையை ஆரம்பித்திருந்தாள். இணையதளத்துக்கு இங்கிலீஷில் பெயர் வேண்டும் என்றான் ஒருவன். நீல நிறம் எந்த நீலம் என்று இரண்டு பேர் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். ஒருத்திக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இப்போது பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருகிறது.

எனவே நான் தலையிட்டேன். இன்று மன்றத்துக் கட்டடத்தில் ஊர் நற்பணி மன்றத்தாரைக் கூட்டினேன். மைக் இலவசம். பத்தொன்பது பேர் வந்தார்கள், எனக்கு நூறு பேர் மாதிரி தெரிந்தது. ஜவுளிக்கடை ஆதிநாராயணன் தலைவர். செயலாளர், பொருளாளர், இரண்டு துணைத்தலைவர்கள், ஒரு சட்ட ஆலோசகர். நான் கௌரவ ஆலோசகர். எல்லோரும் பேசி முடித்து வடை வந்த பிறகு, காளீஸ்வரிக்கு என்ன பொறுப்பு என்று யாரோ கேட்டார்கள். அவள் உறுப்பினர் என்று முடிவாயிற்று.

ஜனவரி 11, ஞாயிறு

லெட்டர்பேடு வந்துவிட்டது. பச்சை எழுத்து. என் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போய் வெள்ளைபபாண்டி என்று இருக்கிறது. மற்றபடி அருமை.

திறப்பு விழாவுக்கு பிளெக்ஸ் அடிக்கப் போட்டோ கேட்டார்கள். நான் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னேன். யோசனை சொன்னவன் முகமும் தலைவர் முகமும் ஒரே அளவில் இருப்பதுதான் முறை என்றேன். ஆதிநாராயணன் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பிறகு செயலாளர் தன் முகத்தையும் அளந்து பார்த்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

மன்றக் கமிட்டி கலைந்தது. காரணம் பொருளாளர்.

காளீஸிடம் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பொருளாளர் எவ்வளவு மோசமானவர் என்பதை விளக்கினேன். முழுவதும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"மாமா, இத்தன பேருல குழாய்க்கு எந்தப் பக்கம் திருகினாத் தண்ணி வரும்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருந்தாங்களா?"

நான் சேர்மக்கனியைச் சொன்னேன். அவர் கமிட்டியில் இல்லை என்றாள். அது உண்மைதான். அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இனி நானே பண்ணிக்கிடுதேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் இருந்து பாலை இறக்குகிற மாதிரி சொன்னாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மூன்று ஊரில் மைக் செட். கரும்பு தின்ன நேரமில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

தனி ஆளாக ஒருத்தி என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் என் மருமகளை வந்து பார்க்க வேண்டும். காலையில் கம்பெனி வேலை. சாயங்காலம் ஆனால் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பிவிடுகிறாள். எந்தக் குழாயில் முதலில் வரும், எந்த வளைவில் வராது, மேட்டுத் தெருவுக்கு எவ்வளவு நேரம் கழித்து ஏறும் என்று பெண்களிடம் உட்கார்ந்து கேட்கிறாள். பெண்கள் அவளுக்கு முருங்கைக்காய் கொடுத்து அனுப்புகிறார்கள். சேர்மக்கனி சைக்கிளின் பின்னாலேயே ஒரு முழு முறையும் இவள் சைக்கிளில் போயிருக்கிறாள். போனை எடுக்காத மனிதர், இவள் வண்டி மணியடித்தால் திரும்பிப் பார்க்கிறாராம்.

நானும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்தேன். திரை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. நடுவில் ஒரு எழுத்தைக் காட்டி இது தப்பாக இருக்கலாம் என்றேன். அரை மணி நேரம் கழித்து வேறொரு இடத்தில் தப்பு இருந்தது. அருகில்தான்.

பெயர் வைக்க வேண்டும் என்றாள். நான் வெள்ளைப்பாண்டி வாட்டர் வேர்ல்டு என்றேன். அவள் ‘குழாயடி’ என்று வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஜனவரி 26, திங்கள்

காலையில் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்கு மைக். தலைமையாசிரியர் பேசும்போது வீச்சென்று கத்தியது மைக்கின் குற்றமில்லை.

பத்து மணிக்குக் குழாயடி திறப்பு. ரிப்பன் இல்லை, குத்துவிளக்கு இல்லை, பிளெக்ஸ் இல்லை. அக்கா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டே காளீஸ் ஒரு பொத்தானை அழுத்தினாள். "திறந்தாச்சு" என்றாள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த அக்கா "நல்லாருக்கட்டும்" என்றாள். இப்படி ஒரு திறப்பு விழாவை என் முப்பது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை.

போனில் திறந்தால் நம் ஊர்த் தெருக்கள் எல்லாம் வருகிறது. நம் தெருவைத் தொட்டால் கடைசியாகத் தண்ணீர் வந்தது என்றைக்கு, அடுத்து எப்போது என்று சொல்கிறது. தண்ணீர் வந்த வீட்டுக்காரர் யாராவது பெயரைப் போட்டு ‘தண்ணீர் வந்தது’ என்று அழுத்த வேண்டும். அதில் இருந்து எட்டு நாள் அது கணக்குப் போட்டுக்கொள்ளும். படிக்காதவர்களுக்காகத் தெருப் பெயரை வாயால் சொன்னாலும் போதும், அதுவும் வாயால் பதில் சொல்லும். யார் குரல் வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். மிஷின் குரலாம். எனக்கு மனது கொஞ்சம் கஷ்டம்தான்.

சாயங்காலம் வரை ஒருவரும் அழுத்தவில்லை. காளீஸ் நாலு தரம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு கவிழ்த்து வைத்தாள்.

என் மனைவி தங்கபுஷ்பத்தின் அண்ணன் கோவில்பட்டியில் கடை திறந்தபோது முதல் போணி யார் செய்தது? நான். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது மருமகள் கடை போணி ஆகாமல் இருட்டக் கூடாது. எங்கள் தெருவுக்கு இன்று முறை, வந்ததும் உண்மை. அழுத்தினேன். வெள்ளைப்பாண்டி, தண்ணீர் வந்தது. அக்கா வீட்டில் காளீஸ் சிரித்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. நடுவில் இரண்டு தெரு இருக்கிறது, ஆனாலும் கேட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

விசேஷ வீட்டில் மொய்த் தட்டு காலியாக இருந்தால் யாரும் முதலில் கை வைக்க மாட்டார்கள். வீட்டு ஆட்களே நாலைந்து பேர் முதலில் வைப்பார்கள். பிறகு வரிசை தானாக நிற்கும். இது நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரே ஆள் நாலு தரம் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது. எனவே நேற்று செக்கடித் தெருவில் தண்ணீர் வருவதை நேரில் பார்த்துவிட்டு தர்மலிங்கம் என்று போட்டேன். ஓய்வு பெற்ற சுங்க இலாகா அதிகாரி. போடும் இடத்தில் உத்தியோகம் கேட்கவில்லை, நானாக மனதில் வைத்துக்கொண்டேன். மேட்டுத் தெருவுக்குக் கலைவாணி டீச்சர். இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், மூத்தவன் சுட்டி. பஜார் தெருவுக்கு ஹாஜி ஒருவர்.

எல்லாத் தெருவுக்கும் எக்ஸெல் வண்டியில் போய்ப் பார்க்கிறேன். டீ குடிக்கிற மாதிரி நின்று குழாயைப் பார்ப்பது. டீக்கடைகளில் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள். நானும் மருமகளும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. காளீஸ் வந்து, நிஜமாகவே புதுப் பெயர்கள் வருகின்றன என்றாள். நிஜமாகவே என்ற வார்த்தையை ஏன் போட்டாள் என்று தெரியவில்லை. செக்கடித் தெருவில் மட்டும் தர்மலிங்கம் சாரைத் தவிர இன்னும் யாரும் போடவில்லையாம். ஆனால் பார்ப்பவர்கள் அங்கேதான் அதிகம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் அந்தத் தெருவில் நிறைய. முறை நாள் எது என்று குழாயடியைப் பார்த்துத்தான் லீவு சொல்கிறார்களாம்.

அக்கா இன்று கோவில்பட்டிக்குப் போய்ச் சேலை எடுத்து வந்தாள். முறை நாளை மறுநாள் என்று மகளுடைய குழாயடி சொன்னதால் போனாள். வாழ்நாளில் முதல்முறையாகக் குடத்தைப் பற்றி நினைக்காமல் பஸ் ஏறினேன் என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னாளாம். இதை எழுதும்போது எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

குருமலைப் பக்கம் ஒரு காதுகுத்து. காலையில் இருந்து செட் போட்டுப் பாட்டு. தாய்மாமன் சீர் வரும்போது நான் மைக்கில் பேசிய பேச்சைக் கேட்டு மூன்று பேர் அழுதார்கள். குழந்தையைச் சேர்த்தால் நாலு.

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நினைவு வந்தது. செக்கடித் தெருவுக்கு எட்டு நாள் முறை செவ்வாயோடு தாண்டிவிட்டது. தள்ளித் தள்ளி இன்றைக்காவது வந்துதானே ஆக வேண்டும். சேர்மக்கனி போன் வழக்கம்போல அணைந்திருந்தது. தட்டு காலியாக இருக்கக் கூடாது. தர்மலிங்கம் சார் கடமை தவறாதவர்.

பாயசம் சுமார்.

பிப்ரவரி 13, வெள்ளி

முழங்கால் வலி. வெளியே போகவில்லை. செக்கடித் தெருவில் இன்று தண்ணீர் வந்ததாகப் பால்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். பால்காரர்களுக்கு நாள் கிழமை தெரியாது.

பிப்ரவரி 20, வெள்ளி

செக்கடித் தெரு வழியாகப் போனேன். தெரு முழுக்கக் குடம். பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் இருந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை அதிகம்.

பிப்ரவரி 21, சனி

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுத வேண்டும் என்று தங்கபுஷ்பம் சொல்கிறாள். அவள் இந்த டைரியைப் படிக்கிறாளா என்று தெரியவில்லை. படித்தால் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள் என்றும் சொல்ல முடியாது.

காலையில் அக்கா வீட்டில் இருந்தேன். இட்லி வெந்துகொண்டிருந்தது. செக்கடித் தெரு பாக்கியத்தாய் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள், ஐம்பது வயது இருக்கும். வந்து, கையில் இருந்த காலிக் குடத்தை வாசற்படியில் வைத்தாள். உள்ளே வரவில்லை. காளீஸை மட்டும் பார்த்துப் பேசினாள். வெள்ளிக்கிழமை முறை என்று போனில் பார்த்து லீவு போட்டேன் என்றாள். நாள் முழுக்க வரவில்லை. அடுத்த நாளும் லீவு கேட்டால் மேஸ்திரி விடமாட்டான் என்று வேலைக்குப் போனாள். சனிக்கிழமை தண்ணீர் வந்து போய்விட்டது. இன்று அவள் மகளைப் பெண் பார்க்க விளாத்திகுளத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

"கம்ப்யூட்டர்ல தண்ணி வந்துருச்சுத்தா" என்றாள். "கொடத்துலதான் வரல."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். சத்தம் என் தொழில்.

காளீஸ் உள்ளே போனாள். அக்கா பிடித்து வைத்திருந்த தண்ணீரில் அந்தக் குடத்தை நிறைத்தாள். இன்னும் இரண்டு குடத்தையும் நிறைத்தாள். அக்கா மூடியை எடுத்துக் கொடுத்தாள். என் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு காளீஸே செக்கடித் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் பாக்கியத்தாய் குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு நடை வந்து எடுத்துப் போனாள்.

திரும்பி வந்தபோது பாவாடையெல்லாம் ஈரம். நான் பேச்சை ஆரம்பித்தேன். பாக்கியத்தாய் மாதிரி ஆட்களுக்குப் போனைப் பார்க்கத் தெரியாது, தர்மலிங்கம் சார் பொறுப்பான மனிதர், வயதானவர் ஒரு நாள் முன்னே பின்னே.

"மாமா" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. "தர்மலிங்கம், கலைவாணி, ஹாஜி, எல்லாம் ஒரே போன்ல இருந்துதான் வருது. மொத நாள்ல இருந்தே எனக்குத் தெரியும்."

அக்கா இட்லித் தட்டை இறக்கினாள்.

"தெரிஞ்சும் ஏன் விட்ட?" என்றேன்.

"நீங்க போய்க் கண்ணால பாத்துட்டுத்தான் போடுதீங்கனு நெனச்சேன். வண்டிய வச்சுட்டு ஒவ்வொரு தெருவுலயும் நிக்கிறீங்கனு அம்மா சொன்னா. பேரு என்னவா இருந்தா என்ன, பாத்தது நெசம்தானனு விட்டேன். அன்னைக்குப் பாத்தீங்களா மாமா?"

காதுகுத்தில் என்ன சாப்பிட்டேன் என்பது வரை எனக்கு நினைவிருந்தது. அதைச் சொன்னேன். சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. முகத்தைக் கழுவப் போனாள். தொட்டியில் தண்ணீர் இல்லை. துண்டால் துடைத்துக்கொண்டாள்.

இட்லி நன்றாக இருந்தது என்று எழுதலாம். நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

குழாயடியைத் திறந்தால் முதலில் இது வருகிறது. நான் பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

‘செக்கடித் தெருவில் 12ஆம் தேதி தண்ணீர் வந்ததாகப் போட்டது தவறு. பல பெயர்களில் ஒரே ஆள் செய்தி போடுவது எனக்குத் தெரிந்திருந்தும் விட்டுவிட்டேன். தவறு என்னுடையது. அந்தப் பெயர்கள் போட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். உங்கள் தெருவுக்குத் ‘தெரியவில்லை’ என்று வந்தால், எனக்குத் தெரியவில்லை என்றே அர்த்தம். ம. காளீஸ்வரி.’

ஒரே ஆள் என்று மட்டும் போட்டிருக்கிறாள். மாமா என்று போடவில்லை. ஊரில் என்னைத் தெரியாதவர் யாருமில்லை, அவளுடைய மாமா என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் போடவில்லை.

பாதித் தெருக்களுக்குத் ‘தெரியவில்லை’ என்று வருகிறது. சரக்கு இல்லை என்று போர்டு மாட்டி யாராவது கடை நடத்துவார்களா? இதைச் சொல்லத்தான் போனேன்.

"தெரியலைனா தெரியலைனுதான் மாமா போடணும்" என்றாள். இனி ஒரு தெருவுக்கு வெவ்வேறு போனில் இருந்து இரண்டு வீட்டுக்காரர் சொன்னால்தான் தண்ணீர் வந்தது என்று காட்டுமாம். நாலே நாளில் அதைச் செய்து முடிப்பேன் என்றாள்.

பிப்ரவரி 25, புதன்

காளீஸ் செக்கடித் தெருவுக்குப் போனாள். நான் கூட வருகிறேன், மைக் கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நான் டீக்கடையில் நின்றேன், அங்கே வேலை இருந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் வண்டி பெண்களை இறக்கிவிட்ட நேரம். ஒரு ஆள் உயரம்கூட இல்லாத பெண், தெரு நடுவில் நின்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால் என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. கையைக் கட்டவில்லை, தலையைக் குனியவில்லை. ஒருத்தி கையை நீட்டி நீட்டிப் பேசினாள். இவள் ஆமாம் ஆமாம் என்று கேட்டாள். இன்னொருத்தி சிரித்தாள், அது நல்ல சிரிப்பில்லை. இவள் அதற்கும் நின்றாள். பாக்கியத்தாய் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்திருந்தாள்.

கூட்டத்துக்கு முன்னால் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் நின்றிருக்கிறேன். ஆனால் என் கையில் எப்போதும் மைக் இருந்தது. மைக் இல்லாமல், தப்பு என்னுடையது என்று சொல்ல நான் ஒரு தரமும் நின்றதில்லை. டீக்கடைக்காரர் யாருப்பா அந்தப் பிள்ளை என்று கேட்டார். நான் டீக்குக் காசை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

இரண்டு வீட்டுக்காரர் ஏற்பாடு முடிந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல், யாரையும் சேர்க்காமல், தனி ஆளாக. குழாயடியில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று அக்கா கவலைப்பட்டாள். "வெள்ள, அந்தப் பிள்ள சாப்பிடவே மாட்டேங்குடா" என்றாள். என்னிடம் இதைச் சொன்னதுதான் தண்டனை.

ஆதிநாராயணன் கடை வாசலில் கூப்பிட்டு, உங்கள் கம்பெனி படுத்துவிட்டதாமே என்றார். எங்கள் கம்பெனி இல்லை, அது அவளுடையது என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

இன்று செக்கடித் தெரு முறை, தள்ளாமல் இருந்தால். விடிந்ததும் எக்ஸெல்லை எடுத்தேன். தங்கபுஷ்பம் தன் போனையும் என் பையில் போட்டாள். அவளுடைய அண்ணன் கூப்பிடுவாராம், வந்தால் எடுத்துப் பேச வேண்டுமாம். எதற்காகப் போட்டாள் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள், என்ன செய்வேன் என்று பார்க்கிறாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெண்கள் பாதிப் பேர் குடம் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் வைக்கவில்லை. நம்பிக்கை இல்லை. சேர்மக்கனி சைக்கிளில் வந்து இறங்கி, மூடியைத் தூக்கித் திருகினார். குழாய் முதலில் காற்றாகச் சீறியது. பிறகு துருத் தண்ணீர். பிறகு தண்ணீர். நான் எழுந்து போய்க் கையை நீட்டி நனைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

போனை எடுத்தேன். செக்கடித் தெரு. வெள்ளைப்பாண்டி. என் வீடு இந்தத் தெருவில் இல்லை என்பதால் ‘பார்த்தவர்’ என்று ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறாள், அதைத் தொட்டேன். தண்ணீர் வந்தது. அழுத்தினேன்.

‘நன்றி. இந்தத் தெருவில் இருந்து இன்னும் ஒருவர் சொல்ல வேண்டும்’ என்று வந்தது.

பையில் இன்னொரு போன் இருந்தது. தர்மலிங்கம் சாருக்கு ஒரு வீடு, ஒரு மனைவி, மாடியில் ஒரு வாடகைக் குடும்பம் எல்லாம் எனக்கு மனதில் தயாராகத்தான் இருந்தது. தண்ணீரும் நிஜமாகவே வருகிறது. பொய் ஒன்றுமில்லை. யாரும் அழுத்தாவிட்டால் சாயங்காலம் வரை ‘தெரியவில்லை’ என்றே இருக்கும். இந்தத் தெருவின் மேட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் இன்றைக்கும் தவற விடுவார்கள். மறுபடியும் ஒரு குடம் என் அக்கா வீட்டுப் படிக்கு வரும்.

பையின் ஜிப்பை மூடினேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ சொன்னேன். குடித்தேன். இன்னொன்று சொன்னேன். எட்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட இப்படி உட்கார்ந்ததில்லை. அதில் முடிவு முன்னாடியே தெரியும்.

குழாயடியில் பெண்கள் ஒருவர் குடத்தை ஒருவர் நகர்த்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்தாய் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மகளுடைய போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போனைத் தூரமாக வைத்து, கண்ணைச் சுருக்கி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் தொட்டாள்.

என் போனில் எழுத்து மாறியது. ‘செக்கடித் தெரு: தண்ணீர் வந்தது. சொன்னவர்கள்: வெள்ளைப்பாண்டி, பாக்கியத்தாய்.’

மேட்டுப் பக்கத்து வீடுகளில் இருந்து குடங்களோடு ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது. ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தாள்.

டீக்கடைக்காரர் கேட்டார், "அண்ணாச்சி, இது நீங்க ஆரம்பிச்ச கம்பெனிதான?"

"என் மருமக செஞ்சது" என்றேன். "ஒத்தையில."

மேற்கொண்டு சொல்வேன் என்று அவர் பார்த்தார். நான் எப்போதும் மேற்கொண்டு சொல்கிற ஆள். டீக்குக் காசு கொடுத்துவிட்டு, அவளிடம் நானே நேரில் சொல்ல வேண்டும் என்று வண்டியை எடுத்தேன். அக்கா வீட்டு வாசலில் காளீஸ் நின்றிருந்தாள். கையில் போன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வண்டியை ஸ்டாண்டு போட்டேன். "ரெண்டு இட்லி சாப்பிடுதீங்களா மாமா?" என்று கேட்டாள். தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

இட்லி நன்றாக இருந்தது.